கடைவாய்க்கு ஒரு சில்வர் மூடி

வாய்க்குள்ள கை விட்டுப் பிழைக்கிற எங்கட தொழிலில ரெண்டு பேர் கடிப்பினம்: பிள்ளை விரலைக் கடிக்கும், கூட்டிக்கொண்டு வந்த ஆள் மனத்தைக் கடிக்கும். விரலுக்குப் போட மருந்து இருக்கு.

நான் பல் டொக்டர். மல்லாவியில பிறந்து வளர்ந்த பெட்டை, கண்டிப் பக்கம் படிச்சு முடிச்சு, திரும்பவும் வன்னிக்கே வந்து சேர்ந்தனான். இப்ப முல்லைத்தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒண்டில பல்லுப் பகுதியில வேலை. இதை வாசிக்கிற உங்களில பல்லுவலி காணாத ஆள் ஒருத்தரும் இருக்கமாட்டியள். அதால நீங்களும் நானும் ஒரே கூட்டம். நீங்கள் கதிரையில படுத்துக்கொண்டு கஷ்டப்படுறியள், நான் பக்கத்தில நிண்டுகொண்டு கஷ்டப்படுறன். வித்தியாசம் அவ்வளவுதான்.

எந்த வேலையில உமக்குப் பெருமை எண்டு ஆரும் கேட்டா சுத்தி வளைக்காமல் சொல்லுவன். பல்லுச் செட் கட்டுறதும் இல்ல, முன் பல்லை நிமித்துறதும் இல்ல. சின்னப் பிள்ளையளின்ர சூத்தை அரிச்சுப் பழுதான கடைவாய்ப் பால் பல்லுக்கு மூடி போட்டு அதைக் காப்பாத்துறது. சிரிக்காதையுங்கோ. அந்த மூடி போடுறதில இந்தப் பக்கத்தில என்னை அடிக்க ஆள் இல்லை எண்டு நான் என்ர வாயாலயே சொல்லுவன். வேற ஆரும் சொல்லுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தா நான் பென்சன் எடுத்துப்போடுவன்.

விழப்போற பல்லுக்கு ஏன் இந்தப் பாடு

நாயாத்துப் பக்கத்தில இருந்து ஒரு தாய் வந்தவா. பேர் றோசலின். புருசன் அன்ரன் கரையோரத்து உப்புத் தண்ணிக் களப்பிலயும் கடலிலயும் மீன்பிடித் தொழில் செய்யிறவர். கையில பிடிச்சுக்கொண்டு வந்தது எட்டு வயசு மகள் மெலனியை. இருங்கோ எண்டு கதிரையைக் காட்ட, றோசலின் இருக்கேல்ல. நிண்டபடியே சொன்னா, "இவளின்ர இடப்பக்கத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி விடுங்கோ டொக்டர். வாற மாசம் முதல் நன்மை."

முதல் நன்மை எண்டா கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளையள் முதன்முதலாக் கோயிலில நற்கருணை வாங்கிற நாள். வெள்ளைச் சட்டை, தலையில பூமுடி, சொந்தக்காரர் எல்லாரும் கூடின பந்திச் சாப்பாடு. கிட்டத்தட்ட ஒரு சின்னக் கலியாணம். போன நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, வந்த ஆக்களுக்கு முன்னால மெலனி ஒரு துண்டுக் கேக்கைக் கடிச்சு, வீடு அதிரக் குளறி, மேசைக்குக் கீழ போயிருந்து அழுதிருக்கிறாள். அண்டையில இருந்து தேத்தண்ணியில தோய்ச்ச பாணும் குழைச்ச சோறும்தான் சாப்பாடு. "பந்தியில எல்லாரும் சாப்பிடேக்க என்ர பிள்ளை கன்னத்தைப் பிடிச்சுக்கொண்டு அழக்கூடாது. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்" எண்டு றோசலின் மகளின்ர கன்னத்தைத் தடவினா.

வாயைத் திறக்கப் பண்ணிப் பாத்தன். பால் பல்லில கடைசிப் பல்லு, நடுவில சூத்தை தோண்டின கிடங்கு. சாப்பாடு அதுக்குள்ள போய் இறுகுது. இராவில தானா நொந்து எழும்புறவளோ எண்டு கேட்டன். இல்லையாம், சாப்பிடேக்க மட்டும்தானாம். பல்லைச் சுத்தியிருக்கிற முரசுச் சதையில சீழும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா, சூத்தை நரம்புக்குக் கிட்டப் போகாமல் இடையில நல்ல பல்லு கிடக்குது. காப்பாத்தலாம்! அந்தப் புழுகத்தில ஒருக்கா விரலாலயும் தடவிப் பாப்பம் எண்டு கையை விட்டன். மெலனி என்ர சுட்டுவிரலைக் கடிச்சாளே ஒரு கடி, அம்மாடி, கையுறை இருந்தபடியால் விரல் தப்பிச்சுது.

விரலை உதறிக்கொண்டே தாய்க்கு விளங்கப்படுத்தினன். இந்தப் பல்லு விழ இன்னும் ரெண்டு மூண்டு வருசம் கிடக்கு. இதுக்குப் பின்னால பெரிய பல்லு ஏற்கெனவே முளைச்சு நிக்குது. இப்ப பிடுங்கினா, முல்லைத்தீவு பஸ்சில நீங்கள் எழும்பின உடன பக்கத்தில இருந்தவர் கால் நீட்டி இருக்கிற மாதிரி, பின்னால நிக்கிற பல்லு முன்னுக்குச் சரிஞ்சு வந்திடும். பிறகு வரவேண்டிய பல்லு இடமில்லாமல் கோணல்மாணலாத்தான் வரும். றோசலின் என்ர விரலையும் மகளின்ர முகத்தையும் மாறி மாறிப் பாத்துப்போட்டுச் சொன்னா:

"சரி டொக்டர், நீங்கள் சீற்றைப் பிடிச்சு வையுங்கோ. ஆனா நன்மை அண்டைக்கு என்ர பிள்ளை பந்தியில அழுதுதெண்டா, அந்தப் பல்லை நானே பிடுங்கிக் கொண்டுவந்து உங்கட மேசையில வைப்பன்."

ஒரு தட்டில மூண்டு சாமான்

மூடி போடுறது எண்டு முடிவெடுத்தா எந்த மூடி எண்ட கதை வரும். என்னட்டை இதுக்கெண்டே ஒரு தட்டு இருக்கு. அதில ஒரு சில்வர் மூடி, ஒரு முழு வெள்ளை மூடி, வெள்ளைப் பசையால நிரப்பின பழைய பல்லு ஒண்டு. தாய் தகப்பனுக்குக் காட்டுறதுக்குத்தான்.

வெள்ளைப் பசையில தொடங்குவன். கிடங்கு சின்னனெண்டா அது அருமையான சாமான். நீல வெளிச்சம் அடிச்சா இறுகிப்போடும், பல்லு நிறம். ஆனா நாலு பக்கமும் தின்னுபட்ட கடைவாய்ப் பல்லுக்கு அது தாக்குப்பிடிக்காது. எச்சில் பட்டா ஒட்டாது. எட்டு வயசுப் பிள்ளையின்ர வாயில எச்சில் வராமல் பண்ண ஆராலும் ஏலாது.

அடுத்தது முழு வெள்ளை மூடி. சேர்கோனியா எண்டு சொல்லுறது. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. பல்லுத்தான் எண்டு என்னையே ஏமாத்தும். ஆனா அது பீங்கான் மாதிரி, வளைஞ்சு குடுக்காது. மூடி பல்லுக்கு ஏத்த மாதிரி வராது, பல்லைத்தான் மூடிக்கு ஏத்த மாதிரிச் சுத்திவர அராவவேணும். அதுக்கு ஊசி வேணும், பிள்ளை அசையாமல் கிடக்கவேணும், ஒட்டேக்க ரத்தம் படக்கூடாது. எங்கட ஆஸ்பத்திரியில அது இல்லை, நகரப் பக்கம் தனியாரிட்டத்தான் போகவேணும். சில்வருக்கு முன்பக்கம் மட்டும் வெள்ளை பூசினதும் இருக்கு. பழைய எனாமல் கோப்பை மாதிரி அந்தப் பூச்சு கழண்டு வரும்.

கடைசியா என்ர சில்வர், பேர்தான் அப்பிடி, சாமான் துருப்பிடிக்காத உருக்கு. மெல்லிசு, சாதுவா வளைஞ்சு குடுக்கும், விளிம்பு முரசுக்குக் கீழ போய்க் கவ்விப் பிடிக்கும். அராவத் தேவையில்லை, ஊசியில்லை, மிசின் சத்தமில்லை. சூத்தையை உள்ளுக்கயே வைச்சு இறுக்கி மூடிவிட்டா அதுக்குச் சாப்பாடு கிடையாது, அப்பிடியே அடங்கிப்போம். பல்லு விழுற காலத்தில மூடியும் அதோட சேர்ந்து விழும். முன் பல்லெண்டா நானும் வெள்ளையைத்தான் சொல்லுவன், அதில எனக்குப் பிடிவாதமில்லை. கடைவாய்க்கு எண்டா சில்வர்தான். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடிச்சுத் தட்டை நீட்டினன். றோசலின் ஒரு கணமும் யோசிக்காமல் வெள்ளையைக் கையில எடுத்துக்கொண்டு கேட்டா:

"சட்டை வெள்ளை, சப்பாத்து வெள்ளை, கையில பிடிக்கிற மெழுகுதிரி வெள்ளை, என்ர பிள்ளையின்ர பல்லு மட்டும் தகரமோ டொக்டர்?"

ரெண்டு பக்கமும் ரெண்டு நிறம்

தகரமாம்! எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. ஆனா கடவுள் என்ர பக்கம். அந்த நேரம் பாத்து வெளியில நீட்டு மர வாங்கில இருந்தவர் நசார் நானா. முல்லைத்தீவில புடவைக்கடை வைச்சிருக்கிறார். புத்தளப் பக்கம் கன காலம் இருந்துபோட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். மகன் அப்றாத்தைப் பல்லுப் பாக்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "நானா, ஒருக்கா உள்ளுக்க வாங்கோ, மகனை வாய் திறந்து காட்டச் சொல்லுங்கோ" எண்டன். அப்றாத் ஆவெண்டு திறந்தான். வலப்பக்கம் வெள்ளை மூடி, இடப்பக்கம் சில்வர் மூடி.

கதையை நானா தானே சொன்னார். முதல் வலப்பக்கம் நகரத்தில போய் வெள்ளை போட்டது. செய்த டொக்டர் கெட்டிக்காரர், வேலையில ஒரு பிழையும் இல்லை, ரெண்டு வருசமா அசையாமல் நிக்குது. ஆனா ஊசியும் அராவலும் அப்றாத்துக்குப் பிடிக்கேல்ல. அதுக்குப் பிறகு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆரைக் கண்டாலும், பாமசிப் பெடியனைக் கண்டாலும்கூட, உம்மாவின்ர முந்தானைக்குள்ள பூந்திடுவானாம். இடப்பக்கமும் சூத்தை எண்டு வந்தபோது என்னட்டைக் கூட்டி வந்தார். நான் ஊசி இல்லாமல் சில்வரைப் போட்டு அனுப்பினன். போனவன் கடை வாசலில நிண்டு, சேலை எடுக்க வந்த சனத்துக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டினானாம். றோசலின் குனிஞ்சு அந்த வாய்க்குள்ள நல்ல வடிவாப் பாத்தா. நானா சொன்னார்:

"தங்கச்சி, வெள்ளைக்கு ஒரு குறையும் சொல்லமாட்டன், காசு குடுத்து வாங்கினவன் நான். ஆனா இவன் ஆருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டினதே இல்லை."

காந்தம்

றோசலின் அரை மனசோட, "அவரையும் ஒருக்காக் கேக்கவேணும்" எண்டு போனா. ரெண்டு நாளில அன்ரன் வந்தார். வெய்யிலில கறுத்து இறுகின மனிசன், கதை குறைவு. வந்தவர் கும்பிடும் போடேல்ல, சுகமும் கேக்கேல்ல. சேட்டுப் பையில இருந்து பழைய ஸ்பீக்கர் ஒண்டில கழட்டின காந்தத்தை எடுத்தார். "மூடியைத் தாங்கோ" எண்டார். படகுக்கு ஆணி, கொளுக்கி வாங்கேக்க நாயாத்துப் பக்கத்து ஆக்கள் பாக்கிற சோதினை அதுதான். காந்தத்தில ஒட்டினா உப்புத் தண்ணிக்குத் துருப்பிடிக்கும், ஒட்டாட்டி நல்ல சாமான். மூடி ஒட்டேல்ல. அதோட விட்டாரோ? இல்லை. வளைஞ்சு பழுதாப்போன மூடி ஒண்டை என்னட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை திரும்ப வந்தார். அந்த மூடியை ஒரு துண்டு வலைக்குள்ள வைச்சு முடிஞ்சு, தங்கூசி நைலோன் நூலில கட்டி, படகு கட்டுற தடியில களப்புத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டிருக்கிறார். வலைத்துண்டு முழுக்கப் பாசி. என்ர மேசையில வைச்சுப் பிரிச்சு, மூடியை உடுத்திருந்த சாரத்தில துடைச்சு வெளிச்சத்தில பிடிச்சார். கண்ணாடி மாதிரி மின்னிச்சுது. வாய் எண்டா களப்பு இல்லை, எட்டு வயசுப் பிள்ளை உப்புத் தண்ணி குடிக்கிறதும் இல்லை எண்டு சொல்ல எனக்கு நாக்கு நுனியில வந்தது. ஆனா இந்தச் சாமானை நான் எவ்வளவு நம்புறனோ அவ்வளவு நம்புற இன்னொரு மனிசனை அண்டைக்குத்தான் கண்டன். அன்ரன் சொன்னார்:

"போடுங்கோ டொக்டர். இது என்ர படகிலயே இல்லாத சாமான்."

நீல வளையம்

மூடி போட முதல் பல்லுக்குப் பல்லு இடையில கொஞ்சம் இடம் வேணும். அதுக்கு ஒரு சின்ன நீல றப்பர் வளையத்தை இடுக்கில இறுக்கி விடுவம். அது நாலைஞ்சு நாளில மெல்ல மெல்ல இடம் எடுத்துத் தரும். மெலனிக்கும் வைச்சு, பத்திரமா வைச்சிரு பிள்ளை, இனிப்பு மெல்லாதை எண்டு அனுப்பினன். மூண்டாம் நாள் றோசலின் அந்த வளையத்தைப் பேப்பரில சுத்திக்கொண்டு வந்து நிக்கிறா. வகுப்பு ரீச்சர், பிள்ளை றப்பர் சப்புது எண்டு நினைச்சு, வெளியில எடு எண்டு அதட்டினாவாம். மெலனி நல்ல பிள்ளை, சொன்ன சொல்லுக்கு நகத்தால கிண்டி எடுத்துக் குடுத்திட்டாள். நாள் ஓடுது, நன்மை கிட்ட வருது.

புது வளையம் வைச்சு, ரீச்சருக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி விட்டன். மற்ற நாள் ரீச்சரே பள்ளிக்கூடம் விட்டு நேர என்னட்டை வந்திட்டா. மன்னிப்புக் கேக்கத்தான் வாறா எண்டு நான் பெருந்தன்மையா முகத்தை வைச்சுக்கொண்டிருந்தன். அவா கதிரையில இருந்து, கைலேஞ்சியால முகத்தைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா:

"இனி ஏதும் வாயில வைச்சு அனுப்புறதெண்டா எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ டொக்டர். என்ர வகுப்பில பென்சில், றப்பர், கல்லு, செருப்பு வார் எல்லாம் வாயிலதான் கிடக்குது. இதில எது வைத்தியம், எது குழப்படி எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கடி, நல்லாக் கடி

மூடி போடுற நாள். மெலனி கதிரையில விறைச்சுப்போய்க் கிடந்தாள். ரெண்டு கையும் சட்டையைப் பொத்திப் பிடிச்சிருந்துது. என்ர உதவியாளர் சுகந்தி, பதினைஞ்சு வருசமா இந்த அறையில பிள்ளையளின்ர குளறலைக் கேட்டுக் காது மரத்துப்போன மனிசி, பிள்ளையின்ர தலையைத் தடவிக்கொண்டு நிண்டா. வாசலில றோசலின். செபமாலை கையில உருளுது.

வளையத்தை எடுத்தன். இடம் விட்டிருந்துது. மூடியளை ஒண்டொண்டா வைச்சுப் பாத்து, சரியா இறுகிற அளவைத் தேர்ந்தெடுத்தன். பல்லைத் துடைச்சுக் காய வைச்சு, மூடிக்குள்ள சீமெந்தை நிரப்பி, பல்லுக்கு மேல வைச்சு விரலால அமத்தினன். பாதி இறங்கிச்சுது. மிச்சத்தை நான் செய்யிறதில்ல, பிள்ளைதான் செய்யவேணும். அதுதான் இந்த முறையில இருக்கிற சங்கதி. "மெலனி, அண்டைக்கு என்ர விரலைக் கடிச்சனியே, ஞாபகமோ?" எண்டு கேட்டன். பிள்ளைக்குக் கண் கலங்கிப்போச்சு, ஏசப்போறன் எண்டு நினைச்சிட்டாள். "அதே கடி இப்ப வேணும். பயப்பிடாதை, இதில விரல் இல்லை. கடி, நல்லாக் கடி!" எண்டன்.

கடிச்சாள். என்ர ராசாத்தி, என்ன கடி அது! நல்லா இறுகின போத்தல் மூடி மாதிரி 'டக்'கெண்டு இறங்கிச்சுது. முரசு கொஞ்சம் வெளிறி, பிறகு நிறம் வந்துது. வழிஞ்ச சீமெந்தைத் துடைச்சு எடுத்தன். ஊசி இல்லை, சத்தம் இல்லை, கண்ணீர் இல்லை. விளிம்பு அச்சொட்டாப் பொருந்தி நிண்டுது. அந்த மூடியைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு மனம் நிறைஞ்சு வழிஞ்சுது, வெக்கமில்லாமல் சொல்லுறன். சுகந்தி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னா:

"பதினைஞ்சு வருசமா வாயைத் திற, வாயைத் திற எண்டு கத்தினனாங்கள் டொக்டர், மூடு எண்டு கத்தி ஒரு பிள்ளை முதல் சொல்லிலயே கேட்டது இண்டைக்குத்தான்."

முட்டாத பல்லு

அந்தப் பெருமை ரெண்டு நாளும் நிக்கேல்ல. றோசலின் போன் எடுத்தா. "டொக்டர், பிள்ளைக்கு முன் பல்லு மேலும் கீழும் முட்டேல்ல. வாய் திறந்தபடி கிடக்கு." இது நடக்கும் எண்டு எனக்குத் தெரியும், போகேக்கையே சொல்லியும் விட்டனான். அராவாமல் போட்ட மூடி தன்ர தடிப்பளவுக்குப் பல்லை உயர்த்தும். ஒண்டு ரெண்டு கிழமையில பல்லுகள் தங்களுக்குள்ள இடம் சரிபண்ணிப் பழையபடி முட்டும். ஆனா நன்மைக்கும் சரியா ரெண்டு கிழமைதான் இருந்துது. நாயாத்துக் கரையில கதை பரவிப்போச்சு. ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு வாய் மூடேலாமல் பண்ணிப்போட்டினமாம், தகரத்தை அடிச்சு விட்டிருக்கினமாம். அந்தக் கிழமை மூடி போட வாறம் எண்டு சொல்லியிருந்த அந்தப் பக்கத்துப் பிள்ளையள் ஒண்டும் வரேல்ல. சுகந்தி கழுவி அடுக்கி வைச்ச சாமானை அப்பிடியே திருப்பி அலுமாரியில வைச்சா.

புத்தகத்தில சரியாத்தான் இருக்கு, நான் செய்ததும் சரி, எத்தினை பிள்ளைக்குச் செய்து சரிவந்ததும் தெரியும். தெரிஞ்சு என்ன, இந்த ஒரு பிள்ளை பந்தியில அழுதா, அந்தக் கரையில இனி ஒரு பால் பல்லையும் நான் காப்பாத்த ஏலாது. எல்லாத்தையும் பிடுங்குவினம். நல்ல வேளைக்கு, ஆஸ்பத்திரிப் பக்கம் வந்த அன்ரன் ஜன்னலுக்கால தலையை நீட்டினார். மகள் எப்பிடி எண்டு அவசரமாக் கேட்டன். அவர் ஆறுதலாச் சொன்னார்:

"புதுப் படகை இறக்கின உடன ஒரு பக்கம் சரிஞ்சுதான் நிக்கும் டொக்டர், பாரம் ஏறச் சரிவரும். மனிசிக்கும் இதைத்தான் சொன்னனான். அவ நம்பினாவோ எண்டு மட்டும் கேளாதையுங்கோ."

பந்தி

நன்மைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தினம். போகாமல் விடுவமோ எண்டும் யோசிச்சன். பிறகு, நான் போட்ட மூடிக்கு நானே ஒளிக்கிறதோ எண்டு ரோசம் வந்து, நல்ல சேலை ஒண்டை உடுத்திக்கொண்டு போனன். கோயில் முடிஞ்சு பிள்ளையள் வெள்ளையும் பூவுமா வெளியில வருகுதுகள். படம் எடுக்கிற தம்பி எல்லாரையும் சிரிக்கச் சொல்ல, றோசலின் மகளின்ர காதுக்குள்ள, "வாயை மூடிக்கொண்டு சிரி" எண்டது எனக்குக் கேட்டுது. மெலனி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிண்டாள். வாய் மூடுதே எண்டு ஆறுதல்படவோ, மூடச் சொன்னதுக்குக் கவலைப்படவோ எண்டு எனக்குத் தெரியேல்ல.

பிறகு வீட்டு முத்தத்தில பந்தி. சோறு, இறால், கோழி, நடுவில பெரிய சட்டியில களப்பு நண்டுக் குழம்பு. மெலனிக்குத் தாய் சோத்தைக் குழைச்சு, இறாலைச் சின்னனாப் பிச்சு வைச்சா. பிள்ளை அதைத் தொடேல்ல. தமையன்மார் நண்டுக் காலைக் கடைவாயில வைச்சு உடைச்சு உறிஞ்சுறதையே பாத்துக்கொண்டிருந்தாள். நத்தாருக்குப் பிறகு அவள் நண்டு தொடேல்லயாம். தகப்பனிட்டக் கையை நீட்டினாள். அன்ரன் சட்டியில கிடந்ததில பெரிய கால் ஒண்டை எடுத்து அவளின்ர கையில வைச்சார். அவள் அதை இடப்பக்கத்துக் கடைவாய்க்குக் கொண்டு போறாள்!

நான் சாப்பாட்டுக் கோப்பையோட எழும்பிப்போட்டன். "ஐயோ பிள்ளை, கடிக்காதை!" எண்டு கத்தினன். மூடி போட்ட பல்லால நண்டு உடைக்கச் சொல்லி எந்த டொக்டரும் சொல்லமாட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பாத்துது. றோசலின் அகப்பையோட அப்பிடியே நிண்டா. 'டக்'. உடைஞ்சது நண்டு. மெலனி ஓட்டைக் கையில எடுத்து வைச்சுப்போட்டு, உள்ளுக்க இருந்த சதையை உறிஞ்சி, குழம்பு வழியிற வாயோட என்னைப் பாத்தாள். பிறகு ஒரு குறையாச் சொன்னாள், "நீங்கள்தானே டொக்டர் கடி, நல்லாக் கடி எண்டனீங்கள்!"

பந்தி கொல்லெண்டு சிரிச்சுது. மெலனியும் சிரிச்சாள். முன் பல்லு மேலும் கீழும் வடிவா முட்டி நிண்டுது, உள்ளுக்க என்ர மூடி வெய்யிலில மின்னிச்சுது. எனக்குக் கண்ணீர் வந்திட்டுது, குழம்பு உறைப்பு எண்டு சொல்லிச் சமாளிச்சன். றோசலின் அகப்பையை வைச்சுப்போட்டு மகளின்ர கன்னத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பல்லைப் பாத்தா, என்னைப் பாத்தா. பிறகு முத்தத்து மூலையில சாப்பிட்டுக்கொண்டிருந்த படம் எடுக்கிற தம்பியைக் கூப்பிட்டா:

"தம்பி, காலமை எடுத்த படத்தை விடும். கையைக் கழுவிப்போட்டு வந்து இப்ப ஒண்டு எடும், இவள் வாயைத் திறந்து சிரிக்கட்டும், அந்தத் தகரம் வடிவாத் தெரியோணும்!"

பால் பல்லுக்கு எந்த மூடி நல்லதெண்டு பெரிய பெரிய டொக்டர்மார் கூட்டங்களில படம் போட்டு இன்னும் வாதாடுகினம், நாயாத்துக் கரையில அதை ஒரு நண்டுக் கால் தீர்த்துப்போட்டுது, இப்ப எனக்கு மிஞ்சியிருக்கிறது மூடி போட வரிசையில நிக்கிற அந்தக் கரைப் பிள்ளையள் எல்லாத்துக்கும் நண்டு கடிக்காதையுங்கோ எண்டு சொல்லிச் சொல்லி வாய் நோகிறதுதான்.